அத்தானுக்குப் படைத்த சிங்கிறால்

என் அத்தான் ரோலரில் பிடித்த எதையும் வாயில் வைக்கமாட்டார். நான் ரோலரில் வேலை செய்கிறவன். எங்கள் இரண்டு பேரையும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து என் அக்கா பல வருடம் சோறு போட்டிருக்கிறாள். ஒஸ்லோவில் வருடாவருடம் சமாதானத்துக்குப் பரிசு கொடுக்கிறார்கள். கொடுக்கிறவர்கள் எங்கள் அடுக்குமாடிப் பக்கம் வந்து பார்த்ததில்லை.

ரோலர் என்றால் கடலடியில் மடி என்கிற பை வலையை இழுத்துக்கொண்டு போகிற படகு. எங்கள் ஊர்க் கரையில் அந்தச் சொல்லைச் சொன்னால் துப்புவார்கள். எதிர்க்கரையிலிருந்து வருகிற ரோலர்கள் அடியில் கிடப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போகும்போது, மற்றவர்கள் விரித்த வலையையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும். அத்தானின் தம்பி இன்னும் அங்கேதான் தொழில் செய்கிறார். அவருடைய வலையும் அப்படிப் போனது. ஒருமுறை இல்லை, போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் ஒஸ்லோவுக்குத் தொலைபேசி எடுப்பார், அத்தான் பஸ் ஓட்டிக் களைத்து வந்து அதைக் கேட்பார். ஒருநாள் கேட்டு முடித்துவிட்டுக் கைத்தொலைபேசியை மேசையில் வைத்தார். இனி ரோலரில் பிடிபட்ட ஒரு நெத்தலிகூடத் தன் வாய்க்குள் போகாது என்றார். அவர் சாமி கும்பிடுவது குறைவு. ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. நேரம் பார்த்துக் கிடைத்தது.

ஒஸ்லோவிலிருந்து ரயிலில் தெற்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய், அங்கிருந்து பஸ் பிடித்தால் எங்கள் துறைமுகம் வரும். சின்னப் படகு. படகுக்குச் சொந்தக்காரரான ஸ்கிப்பர், அவருடைய மைத்துனன், நான். நாங்கள் பிடிப்பது நோர்வேக்காரர் ஷோக்ரெப்ஸ் என்று சொல்கிற பிராணி. செம்மஞ்சள் நிறம், பெரிய இறால் அளவு உடம்பு, முன்னால் மெல்லிய நீளமான இரண்டு கொடுக்குகள். எங்கள் ஆட்கள் அதைச் சிங்கிறால் என்றுதான் சொல்கிறோம். ஊரிலுள்ள சிங்கிறாலுக்குக் கொடுக்கே கிடையாது என்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. அகதியாக வந்தவர்களுக்கு அவ்வளவு துல்லியம் தேவைப்படவில்லை.

இது சேற்றுக்குள் வளை தோண்டி இருக்கும். வெளிச்சம் மங்கலாகும்போது வெளியே வந்து உலாவும். அந்த நேரத்தில் மேலால் மடி போனால் அகப்படும். முட்டை சுமக்கிற பெட்டை பெரும்பாலும் வளையை விட்டு வெளியே வராது. எனவே அகப்படுகிறதில் அதிகம் ஆண்தான். உலாவப் போன ஆண்கள் மாட்டுப்படுவது எனக்குப் புதினமில்லை. ஒஸ்லோ மத்திய நிலையத்துக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் போனால் பார்க்கலாம்.

எங்கள் மடி நல்ல மடி. இதை நான் சும்மா சொல்லவில்லை. உள்ளே ஒரு கம்பித் தட்டி சாய்வாக நிற்கும். பெரிய மீன் வந்தால் அதில் முட்டி மேலே ஏறி ஒரு வாசலால் வெளியே போய்விடும். சிங்கிறால் கம்பிகளுக்கு இடையால் பின்பக்கம் வந்து சேரும். அடிப்பக்கத்து வலைக்கண் பெரியது, குஞ்சுகள் கழன்று போகும். தவறி ஏறிய சின்னனை உடனே உயிரோடு கடலில் விடவேண்டும். ஸ்கிப்பர் காலையில் வரைபடத்தைத் திறந்தால், எங்கே போகலாம் என்று பார்ப்பதில்லை. எங்கே போகக்கூடாது என்றுதான் பார்ப்பார். அங்கே மூடியிருக்கிறது, இங்கே பவளம், அங்கே கொட் மீன் குஞ்சு பொரிக்கிற இடம். எல்லாவற்றையும் கழித்தால் கடலில் சந்து மாதிரி ஒரு ஒழுங்கை மிஞ்சும். அந்த ஒழுங்கையில் நாங்கள் போய் வருவோம்.

இதற்கு இங்கே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தமிழில் நிலைபேறானது, அதாவது இயற்கை அழியாமல் எடுத்தது, என்று மொழிபெயர்த்துச் சொல்வார்கள். பால் பெட்டியில் அந்தச் சொல் இருக்கும். சப்பாத்துக் கடையில் இருக்கும். வங்கி விளம்பரத்தில் இருக்கும். சனிக்கிழமைகளில் ஒஸ்லோவிலிருந்து ஆட்கள் எங்கள் படகடிக்கு வந்து நிற்பார்கள், கையில் துணிப்பை. வந்த கார் எங்கள் படகின் சுக்கான் அறையைவிடப் பெரியது. "இது நிலைபேறானதா?" என்று கேட்பார்கள். "ஆம்" என்பார் ஸ்கிப்பர். அவர் ஒரு நாளைக்குச் செலவழிக்கிற நாலைந்து சொற்களில் அதுவும் ஒன்று. அவர்களுக்கு முகம் மலரும். பிறகு தலையைக் கழற்றித் தர முடியுமா, அது பார்க்க ஒருமாதிரி இருக்கிறது என்பார்கள். தலைக்குள்தான் ருசி முழுக்க இருக்கிறது. நான் கழற்றி என் வாளிக்குள் போட்டுக்கொள்வேன். கடலைக் காப்பாற்ற வந்தவர்களை நான் ஏன் திருத்தவேண்டும்?

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் நான்தான் குற்றவாளி.

"என்ன மச்சான், இந்தக் கிழமை எத்தினை பேற்றை வயித்திலை அடிச்சனி?" அத்தான் இப்படித்தான் தொடங்குவார். சாப்பாட்டுக்கு முன் வாய் கொப்பளிக்கிற மாதிரி.

"அத்தான், அந்த ரோலர் வேறை, இந்த ரோலர் வேறை. எங்கடை மடியிலை மீன் வெளியாலை போக வாசல் இருக்கு."

"வாசலோ. மேலை 'வெளியே' எண்டு எழுதிப் போட்டிருக்கோ?"

"பகிடி விடாதேங்கோ. பெரிய மீன் எல்லாம் போயிடும்."

"சரி. அடியிலை இழுக்கிறியோ, இல்லையோ?"

"இழுக்கிறதுதான். ஆனால்..."

"அப்ப ரோலர். சேத்துக்குத் தெரியுமோ நீ நோர்வேச் சட்டப்படிதான் கிளறுறாய் எண்டு?"

அதற்குப் பிறகு மருமகன் பக்கம் திரும்புவார். அக்காவின் மகள் கட்டியது எதிர்க்கரைப் பக்கத்து ஆளை, கோயம்புத்தூர்க்காரரை. கணினி வேலை. கடலைப் பார்த்தது கலியாணத்துக்குப் பிறகு சுற்றுலா போனபோதுதானாம். "மருமகன், உங்கடை ஆக்கள் நேற்றும் வந்து தம்பியின்ரை வலையை அறுத்துப் போட்டாங்களாம்" என்பார் அத்தான்.

"மாமா, எங்க ஊர்ல ஆறே வத்திப் போச்சு. நாங்க எங்க போய் ரோலர் விட?" என்பான் அவன். ஒவ்வொரு தடவையும் அதே பதில். ஒவ்வொரு தடவையும் அத்தான் சிரிப்பார். என் பதிலுக்கு மட்டும் சிரிக்கமாட்டார்.

எனக்குக் கோபம் அதில் இல்லை. மேசையின் நடுவில் சிங்கிறால் கறி இருக்கும். அது நான் கொண்டுவந்தது. கொடுக்கு உடைந்ததையும் விற்க அழகில்லாததையும் ஸ்கிப்பர் எங்களுக்குத் தருவார். நான் பையில் கட்டி அக்காவிடம் கொடுப்பேன், அவள் கழுவி, தலையும் கொடுக்கும் கழற்றி, வாலை மட்டும் தேங்காய்ப்பாலும் மிளகாய்த்தூளும் விட்டுப் பிரட்டலாக வைப்பாள். அத்தான் அதைத்தான் சாப்பிடுவார். வால் கோதை உறிஞ்சி, விரலைச் சூப்பி, இன்னொரு அகப்பை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். வாயில் என் சிங்கிறால், வார்த்தையில் என் தொழிலுக்குச் செருப்படி. அந்தக் கறியைப் பற்றி நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் அக்கா மேசைக்குக் கீழே என் காலில் உதைப்பாள். வீட்டில் சண்டை வேண்டாம் என்கிறாள் என்று நினைத்து நான் சோற்றைப் பிசைவேன்.

மனிதன் எவ்வளவு கள்ளன் என்று நினைத்தேன். பல வருடம் அப்படியே நினைத்தேன். ரயிலில் வரும்போது அவருக்குச் சொல்லவேண்டிய பதில்களை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் இருந்த நோர்வேக்காரி எழும்பி வேறு இருக்கைக்குப் போயிருக்கிறாள்.

கார்த்திகையில் அத்தான் செத்துப்போனார். பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, திறப்புச் சாவியைக் கொடுத்துவிட்டு, உடுப்பு மாற்றுகிற அறையில் விழுந்தார். சனம் ஏறி இருந்த நேரம் விழவில்லை. அவருடைய ஒழுங்கு அப்படி.

ஒஸ்லோவில் செத்தவரும் வரிசையில் நிற்கவேண்டும். தகனத்துக்குத் திகதி கிடைக்கும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் முடித்தோம். அன்றிலிருந்து எண்ணினால் அடுத்தது எட்டுச்செலவு. செத்த வீட்டில் ஒரு கிழமையாக மரக்கறிதான். எட்டாம் நாள், போனவருக்கு உயிரோடிருந்தபோது என்னென்ன பிடிக்குமோ எல்லாவற்றையும் மீன் இறைச்சி என்று மச்சத்தோடு சமைத்து, இலை போட்டு, படத்துக்கு முன்னால் படைப்பது எங்கள் வழக்கம். படைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடவேண்டும். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் வந்து சாப்பிடமாட்டார். எட்டாம் நாள் என்றால் ஊரில் எட்டாம் நாள். ஒஸ்லோவில் அதற்குக் கிட்ட வருகிற சனிக்கிழமை. மேலே போனவருக்கு லீவுப் பிரச்சினை இல்லை, எங்களுக்கு இருக்கிறது.

புதன்கிழமை அக்கா தொலைபேசி எடுத்தாள்.

"தம்பி, சனிக்கிழமை எட்டு. அவருக்குச் சிங்கிறால் வைக்கவேணும்."

"அதுக்கென்ன அக்கா. நாளைக்கு இழுத்துப்போட்டு வருவம். கொண்டு வாறன்."

"உன்ரை வேண்டாம்."

"என்ன?"

"உன்ரை வேண்டாமெடா. கூட்டிலை பிடிச்சது வேணும்."

சிங்கிறாலைக் கூடு வைத்தும் பிடிக்கலாம். இரை கட்டிய கூடுகளைக் கயிற்றில் கோத்து அடியில் இறக்கிவிட்டு, அது தானாக உள்ளே வரும்வரை விட்டுவைப்பது. சேற்றைக் கிளறுவதில்லை. படகு சின்னது, எண்ணெய்ச் செலவு குறைவு, பிடிபடுவதும் கொஞ்சம்தான்.

"இவ்வளவு காலமும் என்ரையைத்தானே அக்கா திண்டவர்."

"அவருக்கு அது தெரியாது. நீ தாறதெல்லாம் கூட்டிலை பிடிச்சது எண்டுதான் சொன்னனான். நீ துறைமுகத்திலை ஆரோ தெரிஞ்ச ஆளிட்டை வாங்கி வாறனி எண்டு."

அப்போதுதான் மேசைக்குக் கீழே விழுந்த உதைகளெல்லாம் எனக்கு விளங்கின.

"ஏன் அக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நீ ஆசையாக் கொண்டந்து தாறாய். அவருக்கும் சிங்கிறால் எண்டால் உயிர். நடுவிலை நான் என்ன செய்யிறது? சொல்லு பாப்பம்."

"அப்ப இதையும் அப்பிடியே வைக்கலாந்தானே."

"உயிரோடை இருக்கேக்கை சொன்ன பொய் வேறை தம்பி. அப்ப பிடிபட்டால் சண்டை பிடிப்பார், நானும் பிடிப்பன், முடிஞ்சுது. இப்ப இலையிலை பொய்யை வைச்சிட்டுக் கதவைச் சாத்தினால் அவர் வந்து பாத்திட்டுத் தொடாமல் போயிடுவார். கடைசிச் சாப்பாடு. பசியோடை போனாரெண்டால் நான் மிச்சக் காலம் எப்பிடிச் சோறு தின்னுறது?"

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் நிலைமையைப் பாருங்கள். பல வருடமாக ஒரு மனிதனைக் கள்ளன் என்று வாய்க்குள் ஏசிக்கொண்டு ரயிலேறியிருக்கிறேன். அவர் கள்ளனில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று நம்பித்தான் உறிஞ்சியிருக்கிறார். இனி அவரிடம் போய் எதையும் சொல்லமுடியாது. அதற்கு மேல், கம்பித் தட்டியும் வாசலும் வைத்த என் மடியில் வந்தது அவருடைய இலைக்கு உதவாது.

வெள்ளிக்கிழமை காலையில் ஒஸ்லோவில் ஒரு பெரிய மீன் கடைக்குப் போனேன். பனிக்கட்டிக்கு மேல் சிங்கிறாலை விசிறி மாதிரி அடுக்கியிருந்தார்கள். ஏப்ரன் கட்டிய இளைஞன் நின்றான்.

"இது எப்படிப் பிடித்தது?" என்று கேட்டேன்.

"நிலைபேறாக."

"அது சரி. எதால் பிடித்தது? மடியா, கூடா?"

"எங்களிடமுள்ள எல்லாமே நிலைபேறானதுதான்" என்று மிக அன்பாகச் சொன்னான். கிட்டக் குனிந்து பார்த்தேன். முக்கால்வாசிக்கு ஒரு கொடுக்கு இல்லை. மடியில் ஒன்றோடொன்று அமுக்குப்பட்டு வந்தவைக்கு அப்படித்தான் இருக்கும். எங்கள் படகுச் சரக்காகவும் இருக்கலாம். என் கையால் அடுக்கிக் கொடுத்ததை ஏப்ரன் கட்டி எனக்கே விற்கப் பார்க்கிறார்கள்.

அங்கிருந்து ரயிலேறித் துறைமுகத்துக்குப் போனேன். ஸ்கிப்பர் கயிறு திருத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது.

"எங்களுடையதில் என்ன பிழை?"

"எனக்குப் பிழையில்லை. அவருக்குப் பிழை."

"அவர் இறந்துவிட்டார்."

"ஓம். அதனால்தான் கதைத்து விளங்கப்படுத்த முடியவில்லை."

ஸ்கிப்பர் பெட்டிக்குள் கையை விட்டு இரண்டு கொடுக்கும் உள்ள நல்ல சிங்கிறால் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இப்படிப் பார்த்துப் பொறுக்கிக் கொண்டுபோ. யாருக்குத் தெரியப்போகிறது?"

எனக்கும் அந்த யோசனை ரயிலிலேயே வந்ததுதான். ஆனால் அக்கா உண்மையைக் கேட்டாள். அவளுக்காக இன்னொரு பொய்யை நான் சொன்னால், பிறகு குடும்பத்தில் யார் யாருக்கு என்ன சொன்னோம் என்று தெரியாமல் போய்விடும். இல்லை என்று தலையாட்டினேன். ஸ்கிப்பர் துறைமுகத்தின் மற்ற முனையை நாடியை நிமிர்த்திக் காட்டிவிட்டுக் கயிற்றோடு திரும்பிவிட்டார்.

அந்த முனையில் கூட்டுக்காரர் இருந்தார். ஒற்றை ஆள், ஒற்றைப் படகு, வெள்ளைத் தாடி. அவரும் எங்கள் ஸ்கிப்பரும் கதைப்பதில்லை. முன்பு ஒரு மூடுபனி நாளில் அவருடைய கூட்டுக் கயிறு ஒன்று எங்கள் மடியில் சிக்கி வந்தது. ஸ்கிப்பர் போய்த் திருப்பிக் கொடுத்தார், நசுங்கினதுக்குப் பதில் புதிதும் வாங்கிக் கொடுத்தார். ஊரில் எங்களுக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை. ஆனாலும் அன்றைக்கு நசுங்கின கூடுகளை இறக்குகிறபோது கூட்டுக்காரருடைய முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். எங்கள் கரையில் நிறைய இருக்கிறது.

"நீ அந்த இழுவைப் படகில் வேலை செய்கிறவன்" என்றார், நான் வாயைத் திறக்குமுன்.

"ஓம். எனக்கு உங்களுடைய சிங்கிறால் வேண்டும்."

"உங்களுடையதற்கு என்ன நடந்தது? கடலில் முடிந்துவிட்டதா?"

"இல்லை. எங்களுக்கு ஒருவர் செத்துப்போனார். இழுவையில் பிடித்ததைச் சாப்பிடமாட்டார். அவருக்கு நாளைக்குச் சாப்பாடு வைக்கவேண்டும்."

கூட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "செத்துப்போனவருக்கு."

"ஓம்."

"செத்த பிறகும் சாப்பிடமாட்டாரா?"

"மாட்டார்."

அந்த ஆள் சிரித்து நான் பார்த்ததில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னிடம் அவரை ஏன் கூட்டிவரவில்லை? உயிரோடிருந்தபோது" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டி கொண்டுவந்தார். பெட்டி நிறையக் குழாய்கள் நிறுத்தியிருந்தன, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு சிங்கிறால் உயிரோடு தனியாக. சேர்த்து விட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொடுக்கை முறித்துவிடும். சமாதானமாக வைத்திருப்பதற்கு அதுதான் வழி. ஒஸ்லோவிலுள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் நிர்வாகக் கூட்டத்துக்கும் இப்படிக் குழாய் வாங்கிப் போடலாம் என்று யோசித்தேன்.

"உங்கள் ஸ்கிப்பரிடம் சொல்" என்றார் நான் புறப்படும்போது. "நான் சிரித்தேன் என்று."

ரயிலிலும், பிறகு ரீபான் என்கிற நிலக்கீழ் ரயிலிலும் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உள்ளே கறகறவென்று சத்தம். எதிரில் இருந்த பிள்ளை பெட்டியையே பார்த்தது. தாய் பிள்ளையின் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டாள்.

சனிக்கிழமை அக்காவின் சமையலறையில் கால் வைக்க இடமில்லை. ஆட்டிறைச்சி, முட்டை, மீன் பொரியல், அவருக்குப் பிடித்த மரவள்ளிக் கிழங்கு, ஒரு போத்தல் பியர். மருமகன் ஏணியில் ஏறிப் புகை எச்சரிக்கை மணிக்குக் குளிக்கிற தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தான், சாம்பிராணி போடவேண்டும் என்பதற்காக. அக்கா என் பெட்டியைத் திறந்து ஒன்றைக் குழாயிலிருந்து எடுத்தாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள். அப்படியே நின்றாள்.

"என்னக்கா?"

"இதுக்கு ரெண்டு கொடுக்கும் இருக்கு."

"கூட்டிலை பிடிச்சது அப்பிடித்தான். உடையாது."

"எல்லாத்துக்கும் இருக்கு."

"ஓம்."

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். சிங்கிறால் கையில் நெளிந்துகொண்டிருந்தது. "நீ தந்ததுகளுக்கு இருக்காது. ஒண்டு இருக்கும், ஒண்டு இல்லை. செவுளுக்கை சேறு இருக்கும். நான் கழுவி எடுத்துப்போட்டுத்தான் சமைக்கிறனான். ஆனால் நீ பையைக் கொண்டந்து தரேக்கை கதவு திறக்கிறது ஆரு? அவர்தானே. எத்தினை தரம் அவர்தானே பையை வாங்கிக் கொண்டந்து தொட்டிக்கை கொட்டினவர்."

அது உண்மை. மணியடித்தால் அத்தான்தான் திறப்பார். ஏசிக்கொண்டே பையை வாங்குவார்.

நான் சிங்கிறால் தொழில் செய்கிறவன். அத்தான் இருபது வயதுவரை கடலில் கிடந்தவர். உடைந்த கொடுக்கைப் பார்த்தால் எதில் பிடித்தது என்று உடனே சொல்லியிருப்பார். அது என் மண்டைக்கும் அக்காவின் மண்டைக்கும் அதுவரை ஏறவில்லை. அவள் பொய் சொல்கிறோம் என்ற பதற்றத்தில் இருந்தாள். நான் என் கோபத்தில் இருந்தேன்.

"தெரிஞ்சுகொண்டோ திண்டவர்?" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. மருமகன் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தான். "தெரிஞ்சால் ஏன் ஒருநாளும் கேக்கேல்லை?"

"கேட்டால் நான் சொல்லவேணும். சொன்னால் அவர் தின்னேலாது. அதுதான் கேக்கேல்லை."

எவ்வளவு சுத்தமான கணக்கு. எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது. ஆள் கள்ளன்தான். நடுவில் மூன்று நாள் அவரை யோக்கியன் என்று நினைத்து வருத்தப்பட்டதை யார் திருப்பித் தருவது?

"அப்ப இதை நான் மினக்கெட்டுக் கொண்டந்தது எதுக்கு?" என்றேன்.

அக்கா எழும்பினாள். குளிர்ப்பெட்டியின் கீழ்த் தட்டைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பையை இழுத்தெடுத்தாள். என் பை. அத்தான் இருந்தபோது நான் கடைசியாகக் கொண்டுவந்த கொடுக்கு உடைந்த கூட்டம். "இதையும் காய்ச்சுவம்" என்றாள்.

"எதை நடுவிலை வைக்கப் போறியள்?"

"பேசாமல் தேங்காயைத் திருவு."

இலை போட்டோம். நடுவில், அவருடைய கை முதலில் போகிற இடத்தில், என் ரோலர்ச் சிங்கிறால் பிரட்டல். பக்கத்தில் கூட்டுக்காரருடையது, அவித்து முழுதாக, இரண்டு கொடுக்கையும் நீட்டிக்கொண்டு. படத்தில் அத்தான் பஸ் சீருடையோடு நிற்கிறார். வேறு நல்ல படம் கிடைக்கவில்லை. கற்பூரம் கொளுத்தினோம். எல்லோரும் கும்பிட்டார்கள். எனக்கு அப்படி விட்டுவிட்டுப் போக மனமில்லை.

"அத்தான்" என்றேன். "நடுவிலை கிடக்கிறது ரோலர். அங்காலை முழுசாக் கிடக்கிறது கூடு. நான் சொல்லிப்போட்டன். பிறகு என்னைச் சொல்லப்படாது."

அக்கா என்னை உதைக்கவில்லை.

வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அடுக்குமாடியில் முற்றமா இருக்கிறது? படிக்கட்டில்தான் நிற்கவேண்டும். அக்கா, மகள், மருமகன், நான், எல்லோரும் காலுறையோடு. படிக்கட்டு விளக்கு அடிக்கடி தானாக அணைந்துபோகும். மருமகன் ஒவ்வொரு தரமும் கையை ஆட்டி அதை எழுப்பினான்.

"இங்க எவ்ளோ நேரம் நிக்கணும் மாமா?" என்று என்னிடம் குசுகுசுத்தான்.

"அவர் சாப்பிட்டு முடியுமட்டும்."

"அவரு மெதுவாத்தான் சாப்பிடுவாரு" என்றான். உண்மையாகவே கவலைப்பட்ட மாதிரி இருந்தது.

அப்போது மேல்வீட்டு நோர்வேக் கிழவி பையோடு ஏறி வந்தாள். அத்தான் அவளுடைய பையைப் பலமுறை தூக்கிக் கொடுத்திருக்கிறார். செத்த வீட்டுக்கும் பூவோடு வந்தவள். எங்களைப் பார்த்து நின்றாள். "வீட்டுத் திறப்பை உள்ளே விட்டுவிட்டீர்களா?"

அக்காவின் மகள் இங்கே பிறந்தவள். சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்கு வராது. "இல்லை" என்றாள் நோர்வேஜிய மொழியில். "அப்பா உள்ளே சாப்பிடுகிறார்."

கிழவி சாத்திய கதவைப் பார்த்தாள். எங்கள் காலுறைகளைப் பார்த்தாள். "அப்படியா" என்றாள். "வெல்பெகொமெ." சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே சொல்கிற சொல் அது. கதவைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு சத்தம் வராமல் மேலே ஏறிப் போனாள்.

அதோடு அக்காவுக்கு அழுகை வந்தது. அந்த ஒரு கிழமையில் அவள் அழுததை நான் பார்த்தது அப்போதுதான்.

கதவைத் திறந்து அக்காதான் முதலில் போனாள். நாங்கள் பின்னால் நின்றோம். சாம்பிராணிப் புகை, குளிக்கிற தொப்பி, பஸ் சீருடை, எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. அவள் இலைக்கு முன்னால் குனிந்து நிறைய நேரம் பார்த்தாள்.

"சாப்பிட்டிட்டார்" என்றாள். முகம் இளகியிருந்தது.

நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு எதுவும் குறைந்த மாதிரித் தெரியவில்லை. "எதைச் சாப்பிட்டவர்?"

"கேக்காதை" என்றாள் அக்கா.

பிறகு எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்தாள். எனக்குக் கூட்டுக்காரருடையதில் ஒன்று வந்தது. கொடுக்கைக் கடித்து உடைத்து, தலையை உறிஞ்சினேன். எங்களுடையதைவிட இனிப்பாக இருந்தது, சேற்று மணம் கொஞ்சமும் இல்லை. இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன். திங்கட்கிழமை ஸ்கிப்பர் கூட்டுக்காரருடையது எப்படி இருந்தது என்று கேட்பார். உப்புப் போதாது என்று சொல்லிவிடுவேன்.